பல்லைக் கடித்த வாழ்வு: ஊவாத் தோட்டங்களும் தாடைத் தசைவலியின் உளவியலும்

தமிழிற் பொறுமையைக் குறிக்க வழங்கும் தொடர்களுள் மிகப் பழக்கமானது பல்லைக் கடித்துக்கொண்டிருத்தல் என்பதாகும். புகுந்த வீட்டில் அல்லற்படும் மகளுக்குத் தாய் கூறும் புத்திமதியும், கடன்பட்டவனுக்கு நண்பன் கூறும் ஆறுதலும் இத்தொடரிலேயே முடிகின்றன. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமை எனக் கிழக்கே விரியும் தோட்டங்களிலும், ஹாலி-எல, பண்டாரவளை, அப்புத்தளை என மேற்கே ஏறும் தோட்டங்களிலும் “கொஞ்ச நாளைக்குப் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு” என்ற வாக்கியத்தைக் கேளாது வளர்ந்த பிள்ளை இருத்தல் அரிது. அந்தக் கொஞ்ச நாள் சில குடும்பங்களில் மூன்று தலைமுறையாக நீண்டுவிட்டது என்பது வேறு கதை.

இத்தொடரை உவமையாக மட்டுமன்றி உடற்கூற்று உண்மையாகவும் கொள்ளலாம். வாய் மூடியிருக்கும்போது மேற்பற்களும் கீழ்ப்பற்களும் தொட்டுக்கொண்டிருக்கும் எனப் பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. உதடுகள் மூடியிருக்க, பற்களுக்கிடையே சில மில்லிமீற்றர் இடைவெளி விட்டுத் தாடை தொங்கி நிற்றலே இயல்பு நிலையாகும். உண்ணும்போதும் விழுங்கும்போதும் பற்கள் தொடுகின்றன; அத்தொடுகைகள் அனைத்தையும் கூட்டினாலும் ஒரு நாளிற் சில நிமிடங்களே தேறும். அந்தச் சில நிமிடங்களுக்கென அமைந்த தசைகளைப் பல மணிநேரம் இறுக்கி வைத்திருப்பவருக்குக் கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் காதின் முன்புறத்திலும் வலி தோன்றுதல் வியப்பன்று. இறுக்கம் பெரிதாக இருக்கவேண்டும் என்பதுமில்லை. இரவில் நறநறவெனப் பல் கடிப்போருட் பலர் வலியேதுமின்றிக் காலையில் எழுந்து செல்கின்றனர். பகலிலே, கவலையோடு ஒரு வேலையில் ஆழ்ந்திருக்கையில், தாம் அறியாமலே பற்களை மெல்லத் தொடவைத்துக்கொண்டிருப்போரிடமே வலி மிகுதி எனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பிள்ளை பல் கடித்தால் வயிற்றிற் பூச்சி என்று மருந்து கொடுக்கும் வழக்கம் லயங்களில் இன்றுமுண்டு. பூச்சி மருந்தால் வேறு நன்மைகள் விளையலாம். பல் கடித்தல் அதனால் நிற்பதில்லை.

இவ்வலியின் பெருந்தீங்கு அது தன் இருப்பிடத்தை மறைத்துக்கொள்வதிலே உள்ளது. கன்னத்து மெல்லுதசையிற் பிறக்கும் வலி கடைவாய்ப் பல்லின் வலியாக உணரப்படுவதுண்டு, காதுவலியாகவும் உணரப்படலாம். நெற்றிப்பொட்டுத் தசையின் வலி தலையிடியாக வரும். முகத்திற்கும் தாடைக்கும் உரிய முக்கிளை நரம்பின் செய்திகளும் கழுத்தின் மேற்பகுதி நரம்புகளின் செய்திகளும் மூளைத்தண்டில் ஒரே இடத்திற் கூடுகின்றமையால், கழுத்திற் பட்ட சுமையும் முகத்தில் வலிக்கக்கூடும். ஆகவே நோயாளர் பல்லைக் காட்டுகின்றார், பல் பிடுங்கப்படுகின்றது, வலி நிற்கவில்லை, அடுத்த பல் காட்டப்படுகின்றது. நல்ல பற்கள் இவ்வாறு இழக்கப்படுதல் உலகெங்கும் பல்வைத்தியர் அறிந்த சங்கதியே. வைத்தியரைக் காண ஒரு நாட்கூலியை இழந்து வரவேண்டிய ஒருவர், திரும்பிச் செல்கையில் ஏதாவதொன்று செய்யப்பட்டிருக்கவேண்டும் என விரும்புதலும் இயல்பே. பிடுங்கிய பல்லைக் கண்ணாற் காணலாம். தசையின் இறுக்கத்தை அவ்வாறு காட்டமுடியாது.

கழுத்துச் சுமை பற்றிக் குறிப்பிடுகையிற் கொழுந்தெடுக்கும் பெண்ணின் கோலம் நினைவிற்கு வராதிருத்தல் இயலாது. தலையில் மடித்திட்ட துணியின்மேற் கயிறு பதிய, முதுகிலே கூடையோ பையோ தொங்குகின்றது. கொழுந்து நிறைய நிறையக் கயிறு உச்சியைப் பின்னுக்கு இழுக்கும். விழாதிருக்கக் கழுத்து முன்னுக்குத் தள்ளி நிற்கும். சரிவிலே கால் வழுக்காதிருக்கத் தாடை இறுகும். மழை நாளில் நனைந்த கொழுந்து கனக்கும். நாளொன்றிற்கு இரண்டு மூன்று முறை நிறுவை நடைபெறும். தோட்டம் குறித்த கிலோவை எட்டாவிட்டால் அரைப்பேர், மிஞ்சினாற் கைக்காசு. உல்லாசப் பயண விளம்பரங்களிற் சிரித்துக்கொண்டிருக்கும் இக்கோலத்தின் கழுத்துத் தசைகளை எந்தப் புகைப்படக்காரரும் தொட்டுப் பார்த்திருக்க நியாயமில்லை.

உளக் காரணிகளை ஆராயுமுன்னர் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. தாடை வலிப்பதெல்லாம், வாய் திறவாமையெல்லாம் மனத்தின் வேலையன்று. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்பவற்றை நாள்முழுதும் மெல்லும் வழக்கம் தோட்டங்களில் ஆழ வேரூன்றியது. பசியை மறக்கவும் குளிரைத் தாங்கவும் அது உதவுவதாகக் கூறுவர். பாக்கினால் வாயின் உட்புறச் சவ்வின்கீழ் நார்கள் தடித்து, வாய் சிறிது சிறிதாகத் திறக்க இயலாமற் போகும் நோய் உண்டு. அது புற்றுநோயாகவும் மாறலாம். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே என்பது மனங்கொளத்தக்கது. நடுவிரல், சுட்டுவிரல், மோதிரவிரல் மூன்றையும் நெட்டுக்கு அடுக்கி வாயினுள் நுழைக்க முடியாதவர் எவரும், அவர் மனக்கவலை உடையவராயினும் இல்லாதவராயினும், வாய் முழுவதும் பரிசோதிக்கப்படவேண்டியவர். உளவியல் பேசுவோர் இதனை மறந்தால் அது பெருங்குற்றமாகும்.

தாடைவலியை மனத்தோடு இணைத்து நோக்கும் வரலாறு நேர்கோட்டிற் சென்றதன்று. 1934ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரைச் சேர்ந்த காது மூக்கு வைத்தியர் ஜேம்ஸ் கொஸ்ரன் 11 நோயாளரின் குறிகளைத் தொகுத்து, பற்கள் இழந்து கடி தாழ்ந்தமையால் தாடைமூட்டு அழுந்துவதே காரணம் என்றார். அக்கருத்தைப் பற்றிக்கொண்டு பல பத்தாண்டுகளாகப் பற்கள் அராவப்பட்டன, உயர்த்தப்பட்டன. 1969இல் சிக்காகோவில் டானியல் லஸ்கின் என்பார் நோக்கை மாற்றினார். மூட்டன்று, தசையே முதன்மை. தசையைக் களைப்படையச் செய்வது நெருக்கீடு என்பது அவரது கொள்கை. 1976இல் அவரும் அவரது கூட்டாளிகளும் வெளியிட்ட பரிசோதனை ஒன்று இன்றும் சுவையானது. 25 நோயாளருக்குப் பற்களை அராவிச் சீர்செய்வதுபோல நடித்தனர். கருவி சுழன்றது, ஓசை எழுந்தது, பல்லின் கடி மாற்றப்படவேயில்லை. அவர்களுள் 16 பேர், அதாவது நூற்றுக்கு 64 வீதத்தினர், வலி முற்றாகவோ பெரும்பாலுமோ நீங்கியதாகக் கூறினர்.

இம்முடிவிலிருந்து இருவேறு பாடங்களைப் பெறலாம். அந்த நோயாளரின் வலி பொய் என்பது ஒன்று. அது தவறான பாடம். அக்கறையோடு கேட்கப்படுதலும், நோய்க்கு ஒரு பெயரும் விளக்கமும் கிடைத்தலும், இனி நலமாகும் என்ற எதிர்பார்ப்பும் தசையின் இறுக்கத்தையும் மூளை வலியை வாசிக்கும் முறையையும் மாற்றவல்லன என்பது மற்றொன்று. 1965இல் மெல்சாக், வோல் என்னும் இருவர் முன்வைத்த வாயிற் கொள்கை, முள்ளந்தண்டிலே வலிச்செய்தி மேலிருந்து வரும் கட்டளைகளாலும் தடுக்கவோ திறக்கவோ படுகின்றது என்றது. 1977இல் ஜோர்ஜ் எங்கல் நோயை உடல், உளம், சமூகம் என்னும் மூன்றின் கூட்டாக நோக்கவேண்டும் என வாதிட்டார். 1992இல் வகுக்கப்பட்ட தாடைவலி ஆய்வு அளவுகோல், தாடையை ஓர் அச்சிலும், மனநிலை, வலியால் விளையும் முடக்கம் என்பவற்றை இரண்டாம் அச்சிலும் மதிப்பிடுமாறு பணித்தது; 2014இல் அது திருத்தி விரிவாக்கப்பட்டது.

வலி முதலா கவலை முதலா என்ற பழைய வழக்கிற்கும் ஓரளவு தீர்ப்புக் கிடைத்துள்ளது. 2006இல் அமெரிக்காவிலே தொடங்கிய ஒரு பேராய்வு, தாடைவலி இல்லாத 18 முதல் 44 வயது வரையான ஏறத்தாழ 2,700 பேரைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்தது. ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு பேரளவில் வலி புதிதாகத் தோன்றியது. எவரிடம் தோன்றியது? உடலெங்கும் பலவகைச் சிறு குறைகளை முன்னரே உணர்ந்தவரிடமும், நெருக்கீடு மிக்கவரிடமும், உறக்கம் கெட்டவரிடமும் அது கூடுதலாகத் தோன்றியது. ஆகவே மனநிலை வலியின் விளைவு மட்டுமன்று. எனினும் வலி தோன்றியபின் அது உறக்கத்தைக் கெடுக்க, கெட்ட உறக்கம் வலியை ஏற்றச் சக்கரம் சுழலத் தொடங்கிவிடுகின்றது.

மேலைநாட்டு நகரங்களிற் பிறந்த இவ்வளவைகளைப் பசறைப் பகுதித் தோட்டமொன்றிற்குக் கொண்டுவந்தால் நிகழ்வது யாது என்பதே இங்கு ஊன்றி நோக்கவேண்டியது. வலியின் கடுமையை மதிப்பிடும் வினாக்கொத்து, கடந்த ஆறு மாதங்களில் வலியால் எத்தனை நாள் வழமையான வேலையைச் செய்யமுடியாமற் போனது என வினவுகின்றது. நாட்சம்பளப் பெண்ணொருத்தி இதற்கு என்ன விடை கூறுவாள்? வேலைக்குப் போகாவிட்டாற் பேர் விழாது. பேர் விழாவிட்டாற் கடைக்கணக்கு அடைபடாது. காய்ச்சலோடும் மலையேறியவள் அவள். “ஒரு நாளும் இல்லை” என்பாள். அளவுகோல் அவளை முடக்கமற்றவர் பட்டியலிற் சேர்க்கும். ஆறு மாதம் வலியோடு கொழுந்தெடுத்தவள், இரண்டு நாள் விடுப்பெடுத்த அலுவலகப் பணியாளரைவிட நலமுடையவளாகத் தாளிலே தோன்றுவாள்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. வலியைப் பற்றிய பேரச்சம் நோயை நீடிக்கச் செய்யும் உளக்காரணிகளுள் முதன்மையானது என்பர். இந்த வலி தீராது, இதனால் எல்லாம் கெட்டுவிடும் என்று எண்ணுவோருக்கு வலி உண்மையிலேயே நீடிக்கின்றது. அத்தகைய எண்ணங்களை மிகைப்பட்ட எண்ணங்களாகக் காட்டி, மெல்லத் திருத்துதல் உளச்சிகிச்சையின் ஒரு பகுதி. ஆயின் தாடை வலித்தாற் கை தளரும், கை தளர்ந்தாற் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப்பேர், அரைப்பேர் விழுந்தால் பிள்ளையின் பாடசாலைச் செலவு நிற்கும் என எண்ணுபவள் எதனை மிகைப்படுத்தினாள்? அவளது கணக்குச் சரியானது. கணக்கப்பிள்ளையின் கணக்கைவிடச் சரியானது என்றுங்கூடச் சொல்லலாம். அவளது எண்ணத்தை நோய்க்குறியாகப் பதிந்துகொள்ளும் சிகிச்சையாளர், திருத்தவேண்டியதை விட்டுத் திருத்தவேண்டாததைத் திருத்த முனைகின்றார்.

அளவை பிழைத்தாலும் அளக்கும் ஆர்வம் இத்தோட்டங்களுக்குப் புதியதன்று. 1970ஆம் ஆண்டு தொடக்கம் பதினைந்து ஆண்டுகளாக ஸ்கன்டினேவிய ஆய்வாளர், அயல் மாவட்டமாகிய நுவரெலியாவின் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் ஈறுகளை மில்லிமீற்றர் கணக்கில் அளந்தனர். பல் துலக்கும் தூரிகையும் பல்வைத்தியமும் இன்றி வாழ்ந்த அவர்களிடம் ஈறுநோய் தன்போக்கில் எவ்வாறு வளரும் என அறிவதே நோக்கம். நூற்றுக்கு 8 வீதத்தினரிடம் விரைந்தும், 81 வீதத்தினரிடம் மிதமாகவும் அழிவு நிகழ்ந்தது. 11 வீதத்தினர் தப்பினர். உலகின் பல்மருத்துவ மாணவர் இன்றும் இவ்வெண்களைப் படிக்கின்றனர். தேயிலைத் தொழிலாளியின் வாய் உலகப் புகழ் பெற்றது. அந்த வாய் பேசியிருக்கக்கூடியது நூல்களில் இடம்பெறவில்லை. இலங்கையின் பல்வைத்தியக் கல்வி 1954 முதற் பேராதனையில், அதாவது தோட்டங்களின் நடுவே, நடைபெற்று வந்துள்ளதென்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

வாய் பேசாமைக்கும் ஒரு வரலாறுண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. 1964இன் ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவிற்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் விதி பத்தாண்டு கழித்தே பேசப்பட்டது. ஒரே லயத்தில் அண்ணன் இந்தியப் பிரசையாகவும் தங்கை இலங்கைப் பிரசையாகவும் ஆன குடும்பங்கள் உண்டு. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாரை நோக்கிச் சென்ற புகையிரதத்தை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றழைத்தனர். 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தது. நகரத்துக் கடைகளோடு தோட்டத்து லயங்களின் உறக்கமும் போயிற்று. 2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்ற நிலையை நீக்கியது. உரத்துப் பேசினால் ஆபத்து என்ற பழக்கத்தை நீக்கச் சட்டத்தால் இயலாது. வன்முறையும் இழப்பும் கண்டோரிடம் நீடித்த முகவலியும் தசைவலியும் மிகுதியாகக் காணப்படுதல் பல நாடுகளிற் பதிவாகியுள்ளது.

உறக்கத்தைக் கெடுக்க இன்று மழையே போதும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையிற் கொஸ்லாந்தைக்கருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதன் பின்னர், ஊவாவின் செங்குத்தான சரிவுகளில் வாழ்வோருக்கு அடைமழை இரவு உறங்கும் இரவன்று; செவியைத் தீட்டிக்கொண்டு கிடக்கும் இரவாகும். இவ்வாறு விழித்திருக்கையிற் பற்கள் எந்நிலையில் இருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இவற்றையெல்லாம் வைத்தியசாலையின் இரண்டு நிமிடத்தில் எவர் சொல்வார்? சொல்லும் மொழி வேறு, கேட்கும் மொழி வேறாக இருக்கும்போது, விரலாற் சுட்டிக்காட்டக்கூடிய ஒன்றையே நோயாளர் தெரிவுசெய்வர். கன்னத்தைச் சுட்டலாம், கவலையைச் சுட்ட இயலாது. 1980இல் சீனாவின் ஹுனான் மாகாணத்தில் ஆதர் கிளைன்மன், நரம்புத்தளர்ச்சி எனப் பெயரிடப்பட்ட 100 நோயாளரை ஆராய்ந்தபோது, அவர்களுள் 87 பேரிடம் பெருமனச்சோர்வின் குறிகளைக் கண்டார். அவர்களுட் பெரும்பாலோர் வைத்தியரிடம் கொண்டுவந்தது தலையிடியையும் உறக்கமின்மையையுமே. மனச்சோர்வு என்று ஒப்புக்கொள்வது ஆபத்தாக இருந்த நாட்டில் உடல்வலி பாதுகாப்பான பேச்சாயிற்று. “மனசு சரியில்ல” என்றாற் பைத்தியம் எனப் பெயர் சூட்டும் லயத்திலும் நிலைமை பெரிதும் வேறன்று. உடலால் பேசுதல் அறியாமையன்று. அது ஒருவகை விவேகம்.

சிகிச்சை பற்றி அறிவியல் இன்று கூறுவது எளிமையானது: நோயை விளக்குக, பற்களைப் பிரித்து வைக்கப் பழக்குக, சில நாள் மென்மையான உணவு, வெம்மையான ஒத்தடம், தேவையாயின் சிறு அளவில் மருந்து, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் உளச்சிகிச்சை. திரும்பப் பெறமுடியாத அராவலும் பிடுங்கலும் வேண்டா. இவற்றுள் ஒத்தடம் எந்தத் தோட்டத்துக் கிழவிக்கும் தெரிந்ததே. ஒரு விந்தையையும் இங்குக் குறிப்பிடலாம். ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் வறண்ட காற்றிலே ஊவாத் தேயிலை வருந்தும்போது அதில் மிகும் வாசனைப் பொருள்களுள் ஒன்று மெதில் சலிசிலேற்று. ஊவாத் தேநீரின் குளிர்ந்த மணத்திற்கு அதுவே பெருங்காரணம். தசைவலிக்குப் பூசும் தைலங்களிற் சேர்க்கப்படுவதும் அப்பொருளே. செடியின் நெருக்கீட்டிற்கு உலகச் சந்தை உயர்ந்த விலை தருகின்றது. செடியைக் கிள்ளுபவளின் நெருக்கீட்டிற்கு விலையில்லை.

ஓய்வு என்ற மருந்து மட்டும் தோட்டத்து மருந்தகத்தில் இல்லை. விடியுமுன் தண்ணீரெடுத்துச் சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பிராவில் விட்டுப் பிரட்டுக்கு ஓடி, மாலையில் மீண்டும் அடுப்படிக்குத் திரும்புபவளிடம் ஓய்வெடு என்பது கேலியாகிவிடும். எனவே வேலையை நிறுத்தாமற் செய்யக்கூடிய பயிற்சியே பொருந்தும். பழக்கமாற்றுச் சிகிச்சையில், அடிக்கடி நிகழும் ஏதேனும் ஒன்றை நினைவூட்டியாக வைத்துக்கொண்டு, அது நிகழுந்தோறும் பற்களைப் பிரித்துத் தாடையைத் தளர்த்துமாறு பயிற்றுவர். அலுவலகத்தில் தொலைபேசி மணியொலி அதற்குப் பயன்படும். கொழுந்துமலையில் அத்தகையதொன்றைத் தேடவேண்டியதில்லை: கைநிறைந்த கொழுந்தைத் தோளுக்கு மேலாற் கூடைக்குள் எறிதல் ஒரு நாளிற் பல நூறு தடவை நிகழ்கின்றது. ஒவ்வோர் எறிதலுக்கும் ஒருமுறை பற்களைப் பிரித்துவிடலாம். தோட்ட மருத்துவ உதவியாளர் ஒருவர் கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே ஐந்து நிமிடத்தில் இதனைத் தமிழிற் கற்பித்துவிட முடியும். அவ்வாறு கற்பிப்பவரிடம் வரிசையில் நிற்கும் பெண்கள் முதலிற் கேட்கக்கூடிய வினா வலியைப் பற்றியதாக இராது. இப்படிச் செய்தாற் கிலோ குறையுமா என்பதாகவே இருக்கும். அவ்வினாவிற்கு விடையைக் கையில் வைத்துக்கொண்டே அவர் அங்கே செல்லவேண்டும்.